கொல்லிமலைப் பூசாரியின் மரணமும் கடவுளின் நீடிய சாந்தமும்

கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியரின் வரலாற்றை அறியாத போதகர் நம்மிடையே மிகச் சிலரே இருக்கக்கூடும். அருட்பணி ஞாயிறு வரும்போது ஏதேனும் ஒரு பிரசங்க பீடத்திலிருந்து அது எடுத்துரைக்கப்படுகிறது. வாலிபர் கூட்டங்களிலும் ஓய்வுநாட் பள்ளிகளிலும் அது மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. சொல்லப்பட வேண்டிய வரலாறே. ஆயின், அது சொல்லப்படும் முறையில் ஓரிடம் மட்டும் நம் உள்ளத்தை நெடுநாளாக உறுத்தி வருகிறது. நற்செய்தியை எதிர்த்து நின்ற மலைக்கோயில் பூசாரி காய்ச்சலில் இறந்தார் என்னும் பகுதியே அது. அவ்விடத்திற்கு வந்ததும் பிரசங்கியாரின் குரல் உயர்கிறது. எதிர்த்தவரைக் கடவுள் அகற்றினார், கதவு திறந்தது என்று முழங்குகிறார். கேட்போரும் தலையசைக்கின்றனர். இவ்வாறு சொல்லும்போது கடவுளைப்பற்றி நாம் என்ன சொல்லிவிடுகிறோம் என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஜெஸ்ஸி பிராண்ட் 1885-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டட வேலையில் பயிற்சி பெற்றவர். கண்டிப்பான பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்தவராக 1907-இல் நம் நாட்டிற்கு வந்து, மலையடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தில் பணியாற்றினார். வெப்ப நாட்டு நோய்களைக் குறித்து லண்டனில் சிறிது காலம் படித்திருந்தார். ஈவ்லின் ஹாரிஸ் 1879-இல் லண்டனில் செல்வ வணிகர் ஒருவரின் இல்லத்தில் பிறந்தவர், ஓவியக்கலை பயின்றவர். 1913-இல் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது, மலைமீது குடியேறினர். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் ஏறும் நமக்கு, அன்று டோலியிலும் கால்நடையாகவும் அம்மலை ஏறியவர்களின் பாடு எளிதில் விளங்காது.

கொல்லிமலை அந்நாளிலும் வெறும் காடன்று. சங்கப் புலவர் பாடிய வல்வில் ஓரியின் மலை அது. கொல்லிப்பாவையைப் பற்றிய தொன்மம் வழங்கும் மலை. அறப்பளீசுவரர் கோயில் நிற்கும் மலை. அங்கு வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தாரல்லர், மலையை ஆள்பவர் என்னும் பொருளிலேயே அப்பெயர் வழங்குகிறது) தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்னும் மரபுடையோர். நாடு என்னும் பிரிவுகளாகத் தம் ஊர்களை வகுத்து, சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த கட்டுக்கோப்பான சமுதாயம் அது. ஆகவே, இருளில் கிடந்த மக்களிடையே ஒளி வந்தது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் பிரசங்கியார், அம்மக்களுக்கு நீதி செய்வதில்லை. பூசாரியானவர் அச்சமுதாயத்தின் காவலர்களில் ஒருவர். மழைக்கும் விளைவுக்கும் நோய்க்கும் தெய்வத்தின்முன் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர். புதிதாக வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அக்கட்டுக்கோப்பைக் குலைத்துவிடுவார் என்று அவர் அஞ்சியதில் வியப்பில்லை. அவ்வெதிர்ப்பில் பொறாமையும் இருந்திருக்கலாம், பொறுப்புணர்ச்சியும் இருந்திருக்கலாம். உள்ளங்களைச் சோதித்தறிகிறவர் ஒருவரே.

பிராண்ட் தம்பதியர் வந்த பின் முதல் ஆண்டுகள் பலனற்றவையாகத் தோன்றின. மருந்து பெற மக்கள் வந்தனர். ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், புண்களைக் கழுவிக் கட்டினார், தச்சுவேலை கற்பித்தார், புதிய பயிர்களைப் பயிரிட்டுக் காட்டினார். மக்கள் நன்றி பாராட்டினர். போதனையைச் செவிமடுக்கவும் செய்தனர். ஆயினும் சபை என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகவில்லை. ஊரையும் உறவையும் விட்டு விலகி நிற்க எவரும் துணியவில்லை. பூசாரியின் எதிர்ப்பும் அவர்களைத் தடுத்தது. ஐந்தாறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

1918-இல் உலகமெங்கும் பரவிய இன்புளுயன்சா நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அக்கொள்ளைநோய் கொல்லிமலைக்கும் ஏறியது. அச்சத்தினால் மக்கள் நோயாளிகளை விட்டு அகன்றனர். பூசாரியும் அவர் மனைவியும் நோயுற்றபோது அருகில் செல்ல ஆளில்லை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி எடுத்துச் சென்று அவர்களைப் பராமரித்தனர். இருவரும் பிழைக்கவில்லை. இறக்குமுன் பூசாரி தம் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தம்மால் எதிர்க்கப்பட்ட அம்மனிதரிடமே ஒப்படைத்தார். கைக்குழந்தையாயிருந்த பெண் ரூத் என்னும் பெயரோடு பிராண்ட் இல்லத்தில் வளர்ந்தாள். இதைக் கண்ட மலைமக்கள் மனம் மாறினர், சபை தோன்றிற்று.

நடந்தது இதுவே. இதில் கதவைத் திறந்தது எது? மரணம் திறந்தது என்பது ஒரு விடை. எதிரியின் குடிசைக்குள் கஞ்சியோடு சென்ற கால்கள் திறந்தன என்பது மற்றொரு விடை. மலைமக்கள் எதைக் கண்டு வந்தனர் என்று கேட்டால் விடை தெளிவாகிறது. அந்த ஆண்டு மரணம் அவர்களுக்குப் புதிதன்று. வீடுதோறும் மரணம் இருந்தது. பூசாரியை எதிர்த்தோரும் இறந்தனர், அவரைப் பின்பற்றினோரும் இறந்தனர், மிஷனெரியின் பெயரையே கேளாதோரும் இறந்தனர். அவர்கள் முன்பு கண்டிராதது, பகைத்தவனின் பிள்ளையைத் தன் பிள்ளையாகத் தூக்கிக்கொண்ட ஒருவரையே.

இயேசு ஆண்டவர் இதைப்பற்றி நேரடியாகவே பேசியிருக்கிறார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பிலாத்துவினால் கொல்லப்பட்ட கலிலேயரைப் பற்றிச் சிலர் அவருக்குச் சொல்கின்றனர். அவர்களோடு சீலோவாமில் கோபுரம் விழுந்து மடிந்த 18 பேரையும் அவரே எடுத்துக்கூறி, இவர்கள் மற்றவரைக் காட்டிலும் பாவிகளென்று எண்ணுகிறீர்களோ என வினவி, அவ்வாறன்று என மறுக்கிறார். பிறருடைய மரணத்திற்கு விளக்கம் தேடி வந்தவர்கள், தாங்கள் மனந்திரும்பவேண்டும் என்னும் அழைப்பைப் பெற்றுத் திரும்புகின்றனர். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பற்றிய வினாவிற்கும் இவ்வாறே மறுப்பு வருகிறது. யோபின் நண்பர்கள் பேசியது முழுதும் இத்தகைய விளக்கமே. இறுதியில் கடவுள் கோபம் கொள்வது யோபின்மீது அன்று, அவ்விளக்கம் தந்தவர்கள்மீதே.

நம்முள் சிலர் அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்துக்காட்டக்கூடும். ஏரோது தூதனால் அடிக்கப்பட்டுப் புழுப்புழுத்து இறந்தானென்று 12-ஆம் அதிகாரம் கூறவில்லையா என்பர். கூறுகிறது, அதை நாம் மறைக்கவேண்டுவதில்லை. கடவுளின் தீர்ப்பு வரலாற்றில் செயற்படுவதே இல்லையென்று நாம் போதிக்கவும் முன்வரவில்லை. ஆயின், அதே அதிகாரத்தின் முற்பகுதியில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், பேதுரு விடுவிக்கப்படுகிறார். ஒருவருக்கு ஏன் பட்டயம், மற்றவருக்கு ஏன் தூதன் என்று லூக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏரோதைப் பற்றித் திருமறை ஆசிரியர் சாட்சியிடுவது ஒன்று. ஒரு கோடிப்பேரைக் கொண்டுபோன நோயில் ஒருவருடைய சாவை மட்டும் பிரித்தெடுத்து, அதற்கு நாம் உரையெழுதுவது வேறொன்று. பின்னதற்கு நமக்கு அதிகாரம் தரப்படவில்லை.

அவ்வாறு உரையெழுதத் தொடங்கினால் 1929-ஆம் ஆண்டில் நாம் வாயடைத்து நிற்க நேரிடும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலினால் இறந்தார். கடும் மலேரியாவோடு தொடர்புடைய நோய் அது; இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும். அவருக்கு வயது 44. இங்கிலாந்துக்கு விடுமுறையில் செல்ல வேண்டிய காலம் கடந்தும் மலையிலேயே தங்கியிருந்தார். பூசாரியின் காய்ச்சல் தண்டனையென்றால் ஜெஸ்ஸியின் காய்ச்சல் என்ன? முன்னதைத் தண்டனை என்றும் பின்னதை மகிமைக்குள் அழைப்பு என்றும் பெயரிட்டுக்கொள்வது நமக்கு வசதியாயிருக்கலாம்; ஆனால் அது விசுவாசமன்று. கட்சி சேர்த்துக்கொள்ளும் முறை அது. எபிரெயர் 11-ஆம் அதிகாரம் பட்டயக்கருக்குக்குத் தப்பினோரையும் பட்டயத்தினால் மடிந்தோரையும் ஒரே மூச்சில் விசுவாசிகள் என்கிறது. விசுவாசத்திற்கு அது வைக்கும் அளவுகோல் தப்பினாரா என்பதன்று.

இனி, கடவுளின் பண்பைக் குறித்துத் திருமறை கூறும் அடிப்படைச் சொல் ஒன்றைக் கவனிப்போம். யாத்திராகமம் 34:6-இல் மோசேக்கு முன்பாகக் கடவுள் தம் திருப்பெயரை அறிவிக்கும்போது வரும் எபிரெயத் தொடர் ‘எரெக் அப்பாயிம்’ என்பதாகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மூக்கு நீண்டவர்’ என்று வரும். எபிரெயத்தில் மூக்கு கோபத்தைக் குறிக்கும் சொல்லுமாகும். சினம் கொண்டவன் மூச்சு மூக்கு வழியே சீறுவதிலிருந்து வந்த வழக்கு. தமிழர் இதைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் வேண்டுவதில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று நம் வீடுகளில் நாள்தோறும் சொல்கிறோம். கடவுளின் மூக்கு நீண்டது. கோபம் வெளிவர நெடுந்தூரம் செல்லவேண்டும் என்பதே அப்படிமத்தின் பொருள். கோபமே இல்லாதவர் என்று அது சொல்லவில்லை. அடுத்த வசனம் குற்றத்தைச் சும்மா விடாதவர் என்றும் கூறுகிறதே. கோபமற்றவருக்கு நீடிய சாந்தம் என்னும் பண்பே தேவைப்படாது.

எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் இத்தொடர் ‘மக்ரோதுமொஸ்’ எனப் பெயர்க்கப்பட்டது. அதன் வழியே புதிய ஏற்பாட்டில் ‘மக்ரோதுமியா’ என்னும் சொல் புகுந்தது. நம் தமிழ்த் திருமறை இதனைச் சில இடங்களில் நீடிய சாந்தம் என்றும் சில இடங்களில் நீடிய பொறுமை என்றும் வழங்குகிறது. இவ்விரண்டனுள் நீடிய சாந்தம் என்பதே மூலத்திற்கு அண்மையது என்பது நம் கருத்து. பொறுமை என்ற சொல்லுக்கு வேறொரு கிரேக்கச் சொல்லும் போட்டியாக நிற்கிறது. அதைப் பின்னர் காண்போம்.

நீடிய சாந்தம் எல்லோருக்கும் இனிப்பான பண்பன்று என்பதையும் திருமறை அறியும். யோனா 4:2-இல் தீர்க்கதரிசி இதே பண்பைச் சுட்டியே முறையிடுகிறார். நினிவே அழியாமற்போனது அவருக்குத் துயரம். நாம் வெறுக்கும் ஊரின்மீது கடவுள் நீடிய சாந்தம் காட்டும்போது அவருடைய பண்பு நமக்கு இடறலாகிறது. சமாரியக் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கக் கேட்ட யாக்கோபுக்கும் யோவானுக்கும் லூக்கா 9-இல் கிடைத்தது அதட்டலே. பூசாரியின் மரணத்தைச் சொல்லும்போது நம் குரல் உயருமாயின், நாம் அமர்ந்திருப்பது யோனாவின் குடிசை நிழலிலேயே.

லூக்கா 13-க்கு மீண்டும் வருவோம். நம் சபைகளில் அப்பகுதி பெரும்பாலும் ஐந்தாம் வசனத்தோடு நிறுத்தப்படுகிறது. ஆறாம் வசனம் முதல் வரும் காய்க்காத அத்திமரத்தின் உவமை வேறொரு ஞாயிறுக்குத் தள்ளப்படுகிறது. லூக்கா இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணமுண்டு. விபத்தில் இறந்தோரைத் தண்டிக்கப்பட்டோர் எனக் கருதுகிறவர்களுக்கு, உயிரோடிருப்பவர்களின் நிலை என்ன என்பதை உவமை காட்டுகிறது. அவர்கள் நீதிமான்களென்பதால் விட்டுவைக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கனியில்லாத மரம் அவர்கள். தோட்டக்காரனின் வேண்டுதலால் இன்னுமோர் ஆண்டு கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டில் அவன் சும்மாயிரான், சுற்றிலும் கொத்தி எருப்போடுவான். கடவுளின் நீடிய சாந்தம் கைகட்டி நின்று காலம் பார்ப்பதன்று. மண்ணைக் கொத்தும் வேலை அது.

இதற்குக் கொல்லிமலையிலிருந்தே ஒரு சான்று தரலாம். ஜெஸ்ஸி அங்கே சிகிச்சை செய்த நோய்களுள் நரம்புச் சிலந்தி ஒன்று. அசுத்தமான குளத்து நீரிலுள்ள நுண்ணிய நீர்த்தெள்ளுகளின் வாயிலாக அப்புழுவின் இளம் உயிர்கள் உடலுள் புகும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளம் வரையிலும் வளர்ந்த பெண்புழு காலில் கொப்புளமாகக் கிளம்பித் தலைநீட்டும். எண்ணாகமம் 21-இல் வரும் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் இப்புழுவே எனக் கருதிய அறிஞரும் உண்டு. நாம் அதை வற்புறுத்தமாட்டோம். இப்புழுவை எடுக்கும் முறை ஒன்றே. வெளிவந்த நுனியை ஒரு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது நீளமாக, வாரக்கணக்கில் மெல்ல இழுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துபோகும். உள்ளே நின்ற பகுதி அழுகிச் சீழ்பிடித்து, காலுக்கும் சில வேளை உயிருக்கும் கேடாகும். ஜெஸ்ஸியின் மகன் பால் பிராண்ட் பிற்காலத்தில் தம் தந்தையைப் பற்றி எழுதியபோது இக்காட்சியை விரிவாகவே விவரித்தார். அம்மருத்துவத்தோடு ஜெஸ்ஸி நின்றுவிடவில்லை. நோயாளிகள் கால்நனைத்து இறங்கும் கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பி, நீரில் இறங்காமல் மொள்ளுமாறு செய்யவும் முயன்றார். குச்சியைச் சுற்றும் கையும் சுவரெழுப்பும் கையும் ஒரே கையே. உலக சுகாதார நிறுவனம் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதென 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஒரு நூற்றாண்டு முழுதும் பலர் மெல்லச் செய்த வேலையின் முடிவு அது.

போதகர்களாகிய நமக்கு இச்சிகிச்சை நன்கு விளங்கவேண்டும். சபையில் பல தலைமுறையாக வேரூன்றிய பகையையோ சாதிப்பற்றையோ ஒரே கன்வென்ஷன் கூட்டத்தில் பிடுங்கிவிட முனைந்து, அறுந்த பாதியை உள்ளே விட்டுவந்த ஊழியங்களை நாம் கண்டிருக்கிறோம். அதற்காக நரம்புச் சிலந்தியை உள்ளேயே விட்டுவைப்பதும் பொறுமையாகாது. நாள்தோறும் குச்சியைச் சுற்றவேண்டும். இந்த நாள்தோறும் என்பதே கடினம்.

நாம் முன்னர்ச் சொன்ன மற்றைய கிரேக்கச் சொல் ‘ஹுப்பொமொனே’ என்பதாகும். பாரத்தின் கீழே நிலைத்துநிற்றல் என்பது அதன் சொற்பொருள். மக்ரோதுமியா மனிதரைப் பொறுத்தது. ஹுப்பொமொனே சூழ்நிலையைப் பொறுத்தது என்று உரையாசிரியர் பிரிப்பர். யாக்கோபு 5-இல் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. மக்களால் துன்புறுத்தப்பட்ட தீர்க்கதரிசிகளுக்கு முன்னதும், துயரங்களால் அடிக்கப்பட்ட யோபுக்குப் பின்னதும் கூறப்படுகின்றன. கடவுளைப் பற்றிப் பேசும்போது திருமறை முன்னதையே அவருடைய பண்பாகச் சொல்கிறது. ரோமர் 15:5-இல் பொறுமையின் கடவுள் என்று வருவது பொறுமையை அருள்கிறவர் என்னும் பொருளிலேயாம். சூழ்நிலைகள் அவரை நெருக்குவதில்லை, மனிதரே நெருக்குகிறோம்.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் சொல்வது இவ்விரண்டும் ஒரே மனிதரில் கூடிவருவதேயாகும். ஈவ்லின் அம்மையாரின் பிற்கால வாழ்க்கை இதற்கு நல்ல பாடம். கணவர் இறந்தபோது அவருக்கு ஏறத்தாழ 50 வயது. பிள்ளைகள் பாலும் கானியும் 1923 முதல் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தனர். அவர் அங்கேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார். மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகு, 70-ஐ நெருங்கிய வயதில், எவருடைய சம்பளமும் இன்றி மீண்டும் மலைவாழ்க்கையை மேற்கொண்டார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை முதலியனவும் சேர்த்து ஐந்து மலைத்தொடர்களுக்கு நற்செய்தியைக் கொண்டுசெல்வது கணவரும் தாமும் கண்ட கனவாயிருந்தது. மட்டக்குதிரையின்மீது ஊர் ஊராகச் சென்றார். பலமுறை விழுந்தார், எலும்பு முறிந்தது, பின்னர் இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மருத்துவரான மகனே மலையை விட்டு இறங்குமாறு கேட்டும் இணங்கவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். ‘பாட்டி பிராண்ட்’ என்றே உலகம் அவரை அறிந்தது.

இவ்வம்மையாரை இளகிய சுபாவமுடையவர் என எண்ணினால் தவறிவிடுவோம். பிடிவாதக்காரர். மலைமக்களிடம் எல்லையற்ற சாந்தம் காட்டிய அவர், கமிட்டிகளிடம் அவ்வளவாகக் காட்டவில்லை என்றே தோன்றுகிறது. (நம்முள் பலர் இதனை நேர்மாறாகச் செய்கிறோம்: கமிட்டியில் சாந்தம், வீட்டில் சீற்றம்.) முதுமையில் 20 ஆண்டுகளாகத் தம் வீட்டில் கண்ணாடியே வைக்கவில்லை என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். இளமையில் அழகுக் கலையைப் பயின்ற ஒருவர் தம் முகத்தைப் பாராமல் 20 ஆண்டுகள் வாழ்ந்தார்! ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றிய நூல்கள் பல, நாள்தோறும் நம் ஆத்துமாவை நாமே அளந்து குறித்துக்கொள்ளுமாறு கற்பிக்கின்றன. அளப்பதில் பயனுண்டு. எனினும் மாற்கு 4:26-29-இல் வரும் விதை, விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, அவன் அறியாத விதமாய்த் தானே வளர்கிறது. வளர்கிறவர் தம் வளர்ச்சியைக் காணாதிருப்பதே இயல்பு என்று தோன்றுகிறது. அதைக் காண்பவர் அருகிலிருப்போரே.

இவ்வரலாற்றில் நாம் முன்மாதிரியாகக் காட்டத் தயங்கும் பகுதியும் உண்டு. 1923-இல் ஒன்பது வயதில் பெற்றோரைப் பிரிந்த பால், தம் தந்தையை மீண்டும் காணவில்லை. 1929-இல் மரணச் செய்தி தந்தியில் வந்தது. அதன் பின்பும் சில வாரங்கள், முன்பே கப்பலில் புறப்பட்டிருந்த தந்தையின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அன்று மிஷனெரிக் குடும்பங்களில் இதுவே வழக்கம். அதைத் தியாகமென்று போற்றுவதோடு நிறுத்துவது எளிது. ஊழியத்தினிமித்தம் பிள்ளைகள் செலுத்தும் விலையைப் பெற்றோர் தாமே தீர்மானித்துவிடலாமா என்னும் வினா, இன்று கிராமத்தில் ஊழியம் செய்துகொண்டு பிள்ளைகளை நகர விடுதியில் விட்டிருக்கும் நம் போதகர்களுக்கும் உரியதே. இதற்கு முடிந்த முடிவான விடை எதுவும் நம்மிடம் இல்லை. பால் பிராண்ட் கசப்படையவில்லை, மருத்துவம் கற்று 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றார், 2003-இல் மறைந்தார். ஆயின் இந்த நன்முடிவைக் கொண்டு அந்தப் பிரிவை நியாயப்படுத்துவதும், கதவு திறந்ததைக் கொண்டு பூசாரியின் சாவை நியாயப்படுத்துவதும் ஒரே வகையான தவறென அஞ்சுகிறோம். கடவுள் தீமையிலிருந்து நன்மையை விளைவிப்பார். அதனால் தீமை அவர் வகுத்த வழியாகிவிடாது.

இறையியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு சொல். நீங்கள் முதன்முதலாகச் செல்லும் சேகரத்தில் ஆண்டறிக்கைப் படிவம் ஒன்று இருக்கும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், புதிய அங்கத்தினர் என்று கட்டங்கள் இருக்கும். 1913 முதல் 1918 வரையிலான கொல்லிமலை ஊழியத்தை அக்கட்டங்களில் நிரப்பிப் பாருங்கள். நிரப்ப ஒன்றுமிராது. அந்த ஆண்டுகளில் கட்டப்பட்ட புண்களும் பிடுங்கப்பட்ட பற்களும் எக்கட்டத்திலும் இடம்பெறா. ஆயினும் 1918-இல் ஒருவர் தம் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று மரணப்படுக்கையில் சிந்தித்தபோது, அவர் கணக்கில் இருந்தவை அவையே. பூசாரி அவ்வாண்டுகளில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரியைப்போல் உன்னிப்பாகப் பார்ப்பவர் வேறு யார்?

ரூத் வளர்ந்து அச்சபையின் நடுவே அமர்ந்திருப்பதாக மனத்தில் எண்ணிப்பாருங்கள். உன் தகப்பனைக் கடவுள் அகற்றியதாலேயே இந்த ஆலயம் எழுந்தது என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாம் பிரசங்கிக்கக் கூடுமா? கூடாதெனில், அவள் இல்லாத சபையிலும் அதைச் சொல்லத் தகாது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோயின்போதும் இத்தகைய பிரசங்கங்கள் பல கேட்கப்பட்டன. அவற்றைக் கேட்டோருள் தாயையோ தகப்பனையோ புதைத்துவிட்டு வந்தவர்கள் இருந்தனர்.

அடுத்த அருட்பணி ஞாயிறன்று இவ்வரலாற்றைச் சொல்லவிருக்கும் போதகர்கள், அன்றைய பாடமாக லூக்கா 13-ஐ முதலாம் வசனம் முதல் ஒன்பதாம் வசனம் வரை முழுமையாக வாசிக்கச் செய்வார்களாக. அவ்வுவமை எவ்வாறு முடிகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். எருப்போட்ட பின்பு அம்மரம் காய்த்ததா இல்லையா என்று ஆண்டவர் சொல்லவேயில்லை.